மூளை முடக்குவாதம்: வாயில் தெரியும் முதல் அறிகுறிகளும் பேச்சுக்கான வழிகளும்

பிறந்து சில நாளே ஆன குழந்தையின் கன்னத்தை விரலால் மெல்லத் தொட்டால், தொட்ட பக்கம் முகத்தைத் திருப்பி வாயைத் திறக்கும். உதட்டில் விரல் பட்டால் சப்பத் தொடங்கும். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. மார்பைத் தேடிப் பிடித்துப் பால் குடிக்க வேண்டும் என்பதற்காகப் பிறக்கும்போதே கூட வந்த செயல்கள் இவை. மருத்துவத்தில் இவற்றை வாய் சார்ந்த அனிச்சைச் செயல்கள் என்பார்கள்.

மாதங்கள் செல்லச் செல்ல மூளை வளர்கிறது. தானாக நடந்த செயல்கள் ஒவ்வொன்றாக அடங்கி, குழந்தை விரும்பிச் செய்யும் செயல்கள் அந்த இடத்துக்கு வருகின்றன. சப்பிய வாய் மெல்லப் பழகுகிறது. உணவை வெளியே தள்ளிய நாக்கு பக்கவாட்டில் புரண்டு சோற்றைக் கடைவாய்க்குக் கொண்டுபோகிறது. அதே உதடும் நாக்கும் தாடையும் ஒரு நாள் ‘அம்மா’ என்று சொல்கின்றன.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு இந்த மாற்றம் தடைபடுகிறது. அடங்க வேண்டிய அனிச்சைச் செயல் அடங்காமல் நிற்கிறது. இல்லையென்றால், இருக்க வேண்டியது பிறந்தபோதே பலவீனமாக இருக்கிறது. இதை முதலில் பார்ப்பவர் மருத்துவர் அல்ல, பாலும் சோறும் ஊட்டுகிற அம்மாவும் பாட்டியும்தான். பார்த்ததை அவர்கள் அறிகுறி என்று புரிந்துகொண்டால், ‘பேச்சு வரவில்லை’ என்று மூன்று வயதில் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை வராது. ஒரு வயதுக்கு முன்பே போய்விடலாம்.

மூளை முடக்குவாதம் என்றால் என்ன?

வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில், பிறப்பதற்கு முன்போ பிறக்கும்போதோ பிறந்த கொஞ்ச காலத்திலோ ஏற்படும் பாதிப்பால் உடல் அசைவும் நிற்கும், உட்காரும் நிலையும் நிரந்தரமாகக் குறைபடுவதே மூளை முடக்குவாதம். லண்டனைச் சேர்ந்த வில்லியம் ஜான் லிட்டில் என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இதை விரிவாக எழுதினார். நெடுங்காலம் இதை ‘லிட்டில் நோய்’ என்றே அழைத்தார்கள். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு மேலும் பரவாது. ஆனால் குழந்தை வளர வளர அதன் விளைவுகள் மாறும். பயிற்சியால் பலவற்றை நல்ல பக்கம் திருப்பவும் முடியும்.

குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத்திணறல், கர்ப்ப காலத் தொற்று, பச்சைக் குழந்தைக்கு வரும் மூளைக்காய்ச்சல், கடுமையான மஞ்சள் காமாலை ஆகியவை முக்கியக் காரணங்கள். பச்சைக் குழந்தையின் காமாலையை ‘இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுவது ஆபத்து. ரத்தத்தில் பிலிருபின் மிக அதிகமானால் அது மூளையின் உட்பகுதியைத் தாக்கி, கட்டுப்பாடில்லாத அசைவுகளையும் காது கேளாமையையும் சேர்த்தே தந்துவிடும். உள்ளங்காலும் உள்ளங்கையும் மஞ்சளாகத் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீல ஒளிச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கிறது.

இந்தியாவில் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்று பேருக்கு மூளை முடக்குவாதம் இருப்பதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் இரண்டிலும் சேர்த்து 2011 கணக்கெடுப்பின்படி 13 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் வேப்பந்தட்டை, ஆலத்தூர் பக்கத்திலும், முந்திரிக் காடுகள் நிறைந்த ஆண்டிமடம், செந்துறை பக்கத்திலும் இப்படிப்பட்ட ஒரு பிள்ளையையாவது அறியாத ஊர் அரிது. அவர்கள் பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள். திருச்சிக்கு ஒரு முறை சிகிச்சைக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் வீட்டிலேயே என்ன பார்க்கலாம், என்ன செய்யலாம் என்பது இங்கே மிக முக்கியம்.

எந்த அனிச்சைச் செயல் எப்போது அடங்க வேண்டும்?

தேடும் அனிச்சை: கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் திரும்புவது. மூன்று, நான்கு மாதத்தில் அடங்கிவிடும்.

சப்பும் அனிச்சை: வாயில் பட்டதைத் தானாகச் சப்புவது. வயிற்றில் ஏறத்தாழ 34 வாரம் ஆகும்போதுதான் சப்புவதும் விழுங்குவதும் மூச்சுவிடுவதும் ஒன்றோடொன்று இசைந்து நடக்கத் தொடங்கும். அதனால்தான் அதற்கு முன் பிறக்கும் குழந்தைகளுக்குக் குழாய் வழியே பால் கொடுக்கிறார்கள். பிறந்து ஆறு மாதத்துக்குள் சப்புவது குழந்தையின் விருப்பத்துக்கு வந்துவிடும்.

நாக்கு வெளியே தள்ளுதல்: உதட்டிலோ நாக்கு நுனியிலோ பால் அல்லாத எது பட்டாலும் நாக்கு வெளியே தள்ளும். நான்கு முதல் ஆறு மாதத்தில் இது குறையும். இணை உணவை ஆறு மாதம் முடிந்து தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடிக்கும் அனிச்சை: ஈறைத் தொட்டால் தாடை மேலும் கீழுமாகத் தாளத்தோடு அசையும். ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் இது அடங்கி, மெல்லுதல் வந்துவிடும். தொட்டவுடன் தாடை கவ்விக்கொண்டு திறக்கவே திறக்காத ‘இறுக்கக் கடி’ எந்த வயதிலும் இயல்பானது அல்ல.

குமட்டல் அனிச்சை: தொண்டையைக் காக்கும் செயல், வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டும். பச்சைக் குழந்தைக்கு நாக்கின் முன்பகுதியைத் தொட்டாலே குமட்டும். முதல் வயதுக்குள் அந்த இடம் மெல்லப் பின்னால் நகரும். அப்படி நகராத பிள்ளைக்கு உதட்டருகே கரண்டி வந்தாலே ஓங்கரிக்கும்.

விழுங்குதலும் இருமலும்: இவை இரண்டும் என்றைக்கும் அடங்கக் கூடாதவை. இருமல் பலவீனமாக இருந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் வெளியே தெரியாது.

வாயோடு நேரடித் தொடர்பு இல்லாத இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தலையை ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கை நீண்டு, மறு கை மடங்குவது. இது ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும். போகாத பிள்ளை தட்டைப் பார்த்தால் கை நீண்டுவிடும். சோற்றை எடுத்து வாய்க்குக் கொண்டுவர முடியாது.

இந்த மாதக் கணக்கை எல்லாம் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறக்கவிருந்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு எட்டு மாதம் என்றால், ஆறு மாதக் குழந்தையாகக் கொள்ளுங்கள். ஏதோ ஓர் அனிச்சைச் செயல் சற்றுத் தாமதமாக அடங்கினால் மட்டும் அது மூளை முடக்குவாதம் ஆகிவிடாது. தலை நிற்காதது, நான்கு மாதத்துக்குப் பிறகும் கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடியே வைத்திருப்பது, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, உடல் விறைப்பது அல்லது துவள்வது போன்றவற்றோடு சேர்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார்.

ஊட்டும் நேரத்தில் நடப்பது என்ன?

இரண்டு வயதுப் பிள்ளையை மடியில் மல்லாக்கச் சாய்த்து, பாலாடையிலோ எவர்சில்வர் கரண்டியிலோ ரசம் சோற்றைக் கரைத்து ஊற்றும் காட்சி பல வீடுகளில் அன்றாடம் நடப்பது. கரண்டி பல்லில் பட்டதும் பிள்ளை கவ்விக்கொள்கிறது. அம்மா இழுக்கிறாள். இழுக்க இழுக்கப் பிடி இறுகுகிறது. தலை பின்னால் சாய்கிறது, முதுகு வில்லாக வளைகிறது. ஊற்றியதில் பாதி நாக்கோடு வெளியே வருகிறது. மீதியில் கொஞ்சம் புரையேறுகிறது. “சேட்டையப் பாரு, வேணும்னே கடிக்கிறான்” என்று பாட்டி சொல்கிறார். பிள்ளை வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. கடித்தது அனிச்சை, தள்ளியது அனிச்சை, வளைந்ததும் அனிச்சைதான்.

நீங்களே செய்து பார்க்கலாம். அண்ணாந்து கூரையைப் பார்த்தபடி எச்சிலை விழுங்குங்கள். பிறகு வாயை மூடாமல் விழுங்கிப் பாருங்கள். எவ்வளவு சிரமம் என்று ஒரே நொடியில் தெரியும். தலையைப் பின்னால் சாய்த்து ஊட்டப்படும் பிள்ளை ஒவ்வொரு வாய்க்கும் இந்தச் சிரமத்தைப் படுகிறது.

மெல்லவிடாமல், நின்று நிதானித்து விழுங்கவிடாமல், வேகமாக ஊற்றுவதில் அம்மாவின் குற்றம் எதுவும் இல்லை. களையெடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ கிளம்ப வேண்டிய நேரத்தில், ஒரு வேளைச் சோற்றுக்கு முக்கால் மணி நேரம் உட்கார எல்லோராலும் முடியாது. ஆனால் முறையை மாற்றினால் நேரமும் குறையும், புரையேறுவதும் குறையும்.

உட்காரவைத்தல்: பிள்ளையை நிமிர்த்தி உட்காரவையுங்கள். இடுப்பும் முழங்காலும் மடங்கி, பாதம் எதன் மீதாவது ஊன்றியிருக்கட்டும். தலை நடுவில், முகவாய் சற்றே கீழ்நோக்கி இருக்க வேண்டும். சுவர் மூலையில் தலையணைகளை அணைகொடுத்தோ, தச்சரிடம் சொல்லி மூலை நாற்காலி செய்தோ உட்காரவைக்கலாம். ஊட்டுபவர் எதிரே, பிள்ளையின் கண்மட்டத்தில் உட்கார வேண்டும். பக்கவாட்டில் உட்கார்ந்தால் தலை திரும்பும். தலை திரும்பினால் கை நீளும், உடம்பு முறுக்கும்.

கரண்டி: தட்டையான, ஆழமில்லாத சிறு கரண்டி போதும். இறுக்கக் கடி உள்ள பிள்ளைக்கு உடையாத கெட்டி ரப்பர் அல்லது பிளாஸ்டிக் கரண்டி நல்லது. கரண்டியை மேலிருந்து கொண்டுவந்தால் பிள்ளை அண்ணாந்துவிடும். நெஞ்சு மட்டத்திலிருந்து நேராகக் கொண்டுவாருங்கள். நாக்கின் நடுவில் மெல்ல அழுத்தி, உதடு மூடக் காத்திருந்து, நேராகவே வெளியே எடுங்கள். மேல்பல்லில் வழித்துவிடுவது நாக்கு தள்ளுவதைத்தான் அதிகமாக்கும்.

கவ்விக்கொண்டால்: இழுக்காதீர்கள், அதட்டாதீர்கள். தலையைச் சற்றே முன்னுக்குத் தாழ்த்திப் பிடித்துக் காத்திருங்கள். தாடை தானாகத் தளரும்.

வாய் துடைக்கும்போது: தேடும் அனிச்சை அடங்காத பிள்ளையின் கன்னத்தைத் துணியால் தடவித் துடைத்தால் தலை அந்தப் பக்கம் திரும்பிவிடும். உதட்டின் நடுவில் துணியை ஒற்றி எடுங்கள்.

உணவின் பதம்: ரசம் சோறு, சாம்பாரில் மிதக்கும் இட்லி போல நீரும் திடமும் கலந்த உணவுதான் இந்தப் பிள்ளைகளுக்கு மிகக் கடினம். நீர் முன்னே ஓடித் தொண்டைக்குப் போய்விடும். பருக்கை வாயில் தங்கும். பருப்புச் சோற்றைக் கெட்டியாக ஒரே பதமாகக் குழையப் பிசைந்து கொடுப்பது பாதுகாப்பு. கேழ்வரகுக் கூழையும் கம்பங்கூழையும் கரண்டியிலிருந்து சட்டென்று வழியாத பதத்தில் கொடுக்கலாம். மெல்லப் பழக்க, வெந்த காய்த் துண்டை நாக்கின் நடுவில் வைக்காமல் கடைவாய்ப் பக்கம் வையுங்கள். நாக்கு பக்கவாட்டில் நகரக் கற்கும்.

எதைக் கண்டாலும் குமட்டும் பிள்ளைக்கு நேராக வாயில் எதையும் திணிக்கக் கூடாது. முதலில் கையையும் முகத்தையும், பிறகு கன்னத்தையும் உதட்டையும், கடைசியில் ஈறையும் விரலால் சற்று அழுத்தமாகத் தொட்டுப் பழக்க வேண்டும். பஞ்சு போலத் தொட்டால் கூச்சம் கூடும். இதைச் சில வாரங்கள் பொறுமையாகச் செய்ய வேண்டியிருக்கும்.

சாப்பிடும்போது அடிக்கடி இருமல், சாப்பிட்டதும் தொண்டையில் களகளவென்ற சத்தம், மூக்கு வழியே உணவு வருவது, அடிக்கடி நெஞ்சுச்சளிக் காய்ச்சல், எடை ஏறாமல் இருப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுப் பயிற்சியோடு நிறுத்திவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். உணவு நுரையீரலுக்குப் போகிறது என்பதற்கான அடையாளங்கள் இவை.

பேச்சு ஏன் தடுமாறுகிறது?

பேச்சுக்கு முதலில் மூச்சு வேண்டும். சட்டென்று இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நாதஸ்வரக்காரர் மூச்சைச் சேமித்து வாசிப்பது போல, ஒரு வாக்கியம் முடியும்வரை நாமும் மூச்சை அளந்து விடுகிறோம். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு நெஞ்சுத் தசையும் வயிற்றுத் தசையும் சேர்ந்து உழைப்பதில்லை. ஒரு மூச்சுக்கு ஓரிரு சொல்தான் வரும். கடைசி எழுத்து காற்றோடு போய்விடும். முதுகுக்கு நல்ல தாங்கல் கொடுத்து உட்காரவைத்தாலே குரல் தெளிவது இதனால்தான்.

அடுத்தது குரல்வளை. அது இறுகினால் குரல் நெரிபட்டு வரும். அதற்கும் மேலே மெல்லண்ணம். மூக்குக்குப் போகும் வழியை மூடித் திறக்கும் கதவு அது. ‘ப’ சொல்லும்போது அது மூடியிருக்க வேண்டும், ‘ம’ சொல்லும்போது திறந்திருக்க வேண்டும். சரியாக மூடாவிட்டால் ‘பல்லி’ ஏறத்தாழ ‘மல்லி’ ஆகும். ‘தாய்’ ‘நாய்’ போல ஒலிக்கும். ‘ட’ எல்லாம் ‘ண’ பக்கம் சாயும். வீட்டார் ‘மூக்கால் பேசுகிறான்’ என்பது இதைத்தான்.

பிறகு உதடும் நாக்கும். தாடை அகலத் திறந்தே நிற்கும் பிள்ளைக்கு உதடுகள் சந்திப்பதில்லை. ‘அம்மா’வும் ‘அப்பா’வும் ‘அஆ’ ஆகிவிடுகின்றன. நாக்கு நுனியைப் பல்லில் வைத்தால் ‘த’ வரும். நுனியை மேலே வளைத்தால் ‘ட’, ‘ண’, ‘ள’ வரும். இன்னும் நுணுக்கமாக வளைத்தும் எதிலும் அழுத்தாமல் நிறுத்தினால்தான் ‘ழ’ வரும். நாக்கை மொத்தமாக ஒரே கட்டையாக அசைக்க மட்டுமே முடிகிற பிள்ளைக்குத் தமிழின் இந்த வளைநா ஒலிகள் கடினமானவை. உயிரெழுத்து பெரும்பாலும் தப்பிப் பிழைக்கும். வெளியாருக்குப் புரியாதது அம்மாவுக்குப் புரிவது அந்த உயிரொலிகளையும் ராகத்தையும் முகத்தையும் வைத்துத்தான்.

தசை இறுக்கம் மிகுந்த வகையில் பேச்சு மெதுவாகவும் நெரிபட்டும் வரும். கட்டுப்பாடில்லாத அசைவு உள்ள வகையில் குரல் திடீரென்று உயர்ந்தும் உடைந்தும் வரும். தள்ளாட்டம் உள்ள வகையில் ஒவ்வோர் அசையும் தனித்தனியாக, ஒரே அழுத்தத்தில் விழும். இவற்றோடு காது கேளாமையும் சேர்ந்திருந்தால் பேச்சு இன்னும் பின்தங்கும். அதனால் காது பரிசோதனை எல்லாப் பிள்ளைக்கும் கட்டாயம்.

அனிச்சைச் செயல் அடங்கினால் பேச்சு வந்துவிடுமா?

பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. நேர்மையான பதில், நேர்த்தொடர்பு இல்லை என்பதுதான். 1980இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, வாய் அனிச்சைகளையும் சாப்பிடும் திறனையும் பேச்சையும் ஒருங்கே பரிசோதித்தது. சாப்பிடுவதில் சிரமம் கூடியவர்களுக்குப் பேச்சிலும் சிரமம் கூடும் போக்கு தெரிந்தது. ஆனால் எத்தனை அனிச்சைச் செயல்கள் மிஞ்சியிருக்கின்றன என்பதை வைத்துப் பேச்சை எடைபோட முடியவில்லை. மிஞ்சி நிற்கும் அனிச்சை, மூளையின் கட்டுப்பாடு முதிரவில்லை என்பதற்கான அடையாளம். அதை மட்டும் பிடித்துச் சரிசெய்தால் பேச்சு கொட்டும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

இதே காரணத்தால்தான் நாக்கை நீட்டுவது, மெழுகுவத்தியை ஊதுவது, பலூன் ஊதுவது போன்ற பயிற்சிகளால் மட்டும் பேச்சு தெளிவாகும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. பேச்சுக்குப் பேசித்தான் பழக வேண்டும். மூச்சை அளவாக விட்டுச் சொல்வது, வேகத்தைக் குறைப்பது, சொல்லின் முதல் எழுத்தைத் தெளிவாகச் சொல்வது, சின்னச் சின்னச் சொற்களில் ஒலியைப் பழகுவது ஆகியவற்றைப் பேச்சுப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுப்பார். சாப்பாட்டுப் பயிற்சி பிள்ளையின் உயிருக்கும் எடைக்கும் நல்லது. அதைச் செய்தே தீர வேண்டும். அது பேச்சுப் பயிற்சிக்கு மாற்று ஆகாது.

ஊரில் சொல்லும் வைத்தியங்களையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ‘அடிநாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேசிவிடும்’ என்பார்கள். மூளையிலிருந்து வரும் கட்டளை தடுமாறும் பிள்ளைக்கு நாக்கின் அடியை வெட்டுவதால் பேச்சு வராது. நாக்கில் வசம்பை உரைத்துத் தடவுவது பலன் தராது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தடவுவது ஆபத்து. அதிலுள்ள கிருமியால் தசைகள் செயலிழக்கும் நோய் வரலாம். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது, புரையேறும் பிள்ளைகளுக்கு நுரையீரலில் எண்ணெய் தங்கிச் சளிக்காய்ச்சலை உண்டாக்கும். சிறுவாச்சூரிலோ சமயபுரத்திலோ வேண்டிக்கொள்வது உங்கள் மனசுக்கு. அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எச்சில் வழிவதும் பலருக்குப் பெரிய கவலை. மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இது உண்டு. எச்சில் அதிகமாகச் சுரப்பது காரணம் இல்லை. நாம் நினைக்காமலேயே விழுங்குவது போல அவர்களால் அடிக்கடி விழுங்க முடிவதில்லை. தலையை நிமிர்த்தி வைப்பதும், ‘வாயை மூடி முழுங்கு கண்ணு’ என்று நினைவூட்டுவதும் உதவும். மிகக் கடுமையாக இருந்தால் மருந்தும் ஊசியும் உண்டு. அதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

பேச்சு வராவிட்டால்?

மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்கு வாய்ப்பேச்சு வருவதில்லை. அறிவுத்திறன் குறைபாடு ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் உண்டு. பேச முடியாத பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. சொல்ல வழியில்லாமல்தான் அழுகிறார்கள், கத்துகிறார்கள், கடைசியில் சொல்வதையே விட்டுவிடுகிறார்கள்.

அந்த வழியை வீட்டிலேயே தொடங்கலாம். ஒரு கையில் வாழைப்பழம், மறு கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, “எது வேணும் சாமி?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பத்து வினாடி சும்மா இருங்கள். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். பத்து வினாடி காத்திருப்பது பெரியவர்களுக்குத்தான் கடினம். மேலே பார்த்தால் ‘ஆமா’, கண்ணை மூடினால் ‘இல்ல’ என்று பிள்ளையால் செய்ய முடிகிற ஏதாவது ஓர் அடையாளத்தை முடிவுசெய்து, வீட்டில் எல்லோரும் அதையே பின்பற்றுங்கள். அம்மா, அப்பா, தண்ணீர், சோறு, வலி, வெளியே போகணும் என்று படங்களை அட்டையில் ஒட்டி எதிரே வையுங்கள். கை நீட்ட முடியாத பிள்ளை கண்ணால் காட்டும்.

‘அட்டையைக் கொடுத்தால் பேசவே முயல மாட்டான்’ என்று பயப்படத் தேவையில்லை. பட அட்டையும் கருவியும் பேச்சைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடவும் செய்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. மூளை முடக்குவாதம் உள்ள மகனின் தாயான பூனம் நடராஜன் 1985இல் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் இன்றைய வித்யாசாகர். பேச்சுக்கு மாற்று வழிகளை இங்கே பரவலாக்கியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அங்குள்ள பிள்ளைகளின் தேவையைப் பார்த்துச் சென்னைப் பொறியாளர் அஜித் நாராயணன் குழுவினர் உருவாக்கிய ‘ஆவாஸ்’, படத்தைத் தொட்டால் சொல்லும் செயலி. அது தமிழிலும் பேசும். தமிழ்நாட்டுக்கு வெளியேயும் முன்னோடிகள் உண்டு. மும்பையின் மாலினி சிப் வாயால் தெளிவாகப் பேச முடியாதவர். ஒரு விரலால் தட்டச்சு செய்து தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். மூளை முடக்குவாதம் உள்ள கொல்கத்தாவின் ஜீஜா கோஷை 2012இல் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2016இல் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது. மூளை முடக்குவாதம் உள்ள ஒருவர் தன் மதிப்புக்காகப் போராடி வாங்கிய தீர்ப்பு அது.

யாரிடம் போவது?

பெரம்பலூர்க்காரர்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையிலும், அரியலூர்க்காரர்கள் 2022இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும் குழந்தைகள் பிரிவுக்குப் போய், குழந்தை வளர்ச்சிக் குறைபாடுகளுக்கான தொடக்கநிலைச் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். அந்த நாளில் வேலைக்குப் போகாமல் பிள்ளையைக் காட்டுங்கள். பள்ளி வயது என்றால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு.

ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. அடையாள அட்டை, கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, சிறப்பு நாற்காலி ஆகியவற்றுக்கு அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். தேசிய அறக்கட்டளையின் ‘நிரமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். தெரபிச் செலவும் அதில் அடங்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சுக்கு மாற்றான வழிகளையும் ‘தொடர்பு’ என்றே வரையறுக்கிறது. பட அட்டையோடு வரும் பிள்ளையைப் பள்ளி மறுக்க முடியாது. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும், கூடுதலாக ஒரு மணி நேரமும் கிடைக்கும்.

இரண்டு மாவட்டங்களின் எல்லா வட்டாரத்திலும் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவராவது வாரம் ஒரு நாள் உட்கார வேண்டும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, நிபுணர்களின் மேற்பார்வையில் வீடு வீடாகச் சிகிச்சையைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறது. அங்கே நடந்தது செந்துறையிலும் குன்னத்திலும் நடக்க முடியும்.

அதுவரை நாம் காத்திருக்க வேண்டாம். குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் கையில் எடுங்கள். ஒன்பதாம் மாத ஊசிக்குப் போகும் புதன்கிழமை, கிராம சுகாதார செவிலியரிடம் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: நாக்கு இன்னமும் சோற்றை வெளியே தள்ளுகிறதா, சாப்பிடும்போது புரையேறுகிறதா, ‘பாபா’, ‘மாமா’ என்று மழலைச் சத்தம் வருகிறதா. ‘இவன் தாத்தாவும் மூணு வயசுலதான் பேசுனாரு’ என்று யார் சொன்னாலும் தள்ளிப்போடாதீர்கள். மூளை வேகமாக வளரும் முதல் இரண்டு ஆண்டுகளில் தொடங்கும் பயிற்சிக்குத்தான் பலன் அதிகம். பேச்சு வரும் பிள்ளைக்கு அது பேச்சைத் தெளிவாக்கும். வராத பிள்ளைக்குத் தன் மனசில் இருப்பதைச் சொல்ல ஒரு வழியைக் கொடுக்கும். அந்த வழி ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை.